இல்லாத வகுப்பறைக்கு ஒரு பிரதம விருந்தினர்

போன கிழமை, எங்கள் கல்யாண விருந்தில் கேக் வெட்டும் நேரம் பார்த்து ஜெனரேட்டர் நின்றுபோன கதையை எழுதினேன். இருட்டில் நான் யாருக்குக் கேக் ஊட்டினேன் என்ற இடத்தை என் மனைவி ஸ்டெல்லா வாசித்த பிறகு, இந்தப் பத்திரிகை எங்கள் வீட்டு வாசற்படி தாண்டக் கூடாது என்று உத்தரவாகிவிட்டது. ஆகவே இந்தக் கிழமை அவளைப் பற்றித் தைரியமாக எழுதலாம்.

முதலில் மைதானத்துக்குப் போவோம்.

வெயில் உச்சந்தலையில் நிற்கிறது. சுண்ணாம்புக் கோடு போட்ட ஓடுபாதை. தேசிக்காய்த் தண்ணீர் வாளியைச் சுற்றிப் பாதி பிள்ளைகள், பாதி ஈக்கள். எங்கள் மகள் படிக்கும் தமிழ்ப் பாடசாலையின் இல்லங்களுக்கிடையிலான விளையாட்டுப் போட்டி. பந்தலுக்கு அடியில் பிரதம விருந்தினராக வலயக் கல்விப் பணிப்பாளர், இந்தப் பக்கத்துப் பாடசாலைகளுக்கெல்லாம் டிரெக்டர். அவருக்குப் பக்கத்தில் பாடசாலை அதிபர் லோகநாதன். பந்தல் ஓரத்தில், கையில் மைக்கோடு நான்.

மாத்தளை டவுனில் 'மைக் சேவியர்' என்றால்தான் என்னைத் தெரியும். ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறேன். பெட்டியும் குழாயும் எடுத்தால் வாய் இலவசம். வாய் வேண்டாம், விலையைக் குறையுங்கள் என்று கேட்டவர்களும் உண்டு.

அஞ்சல் ஓட்டத்தில் ஒரு பிள்ளை கோலைக் கீழே போட்டான். சிவப்பு இல்லம் இடித்தது என்று நீல இல்லம் சொன்னது. நடுவர்கள் மைதானத்தின் நடுவில் கூடி நின்று, வீட்டுச் சண்டையெல்லாம் சேர்த்துப் பேசுகிற மாதிரி பேச ஆரம்பித்தார்கள். ஓட்டம் நின்றது. சத்தம் நின்றது.

எங்கள் தொழிலில் இதைவிடப் பெரிய ஆபத்து கிடையாது. மைக் சும்மா இருக்கக் கூடாது. சும்மா இருக்கிற மைக்கை யாராவது ஒரு அரசியல்வாதி வந்து வாங்கிக்கொள்வான். ஆகவே நான் நிரப்பினேன். காணாமல் போன தண்ணீர்ப் போத்தலை அறிவித்தேன். ஐஸ்கிரீம் வானைப் பின்னால் எடுக்கச் சொன்னேன். தேசிக்காய்த் தண்ணீர் தந்தவருக்குத் திரும்பத் திரும்ப நன்றி சொன்னதில் அவரே வெட்கப்பட்டு எழுந்து போய்விட்டார். நடுவர்கள் இன்னும் முடிக்கவில்லை. அப்போதுதான் என் வாயிலிருந்து இது வந்தது:

"இப்பாடசாலையில் வெகுவிரைவில் மலரவிருக்கும் தமிழ்மொழி மூல விசேட கல்வி அலகை, தமது பொற்கரங்களால் திறந்து வைக்க இசைந்திருக்கும் நமது பிரதம விருந்தினர் அவர்களுக்கு, பலத்த கரகோஷம்!"

ஜனம் கை தட்டியது. நம் ஜனம் கை தட்டு என்றால் தட்டிவிட்டுத்தான் எதற்கென்று கேட்கும்.

தமிழோடு நிறுத்தியிருந்தால் சிங்களவரான பணிப்பாளரிடம் அதிபர் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பார். ஆனால் எங்கள் ஊரில் தமிழில் சொன்னதை அடுத்த மூச்சில் சிங்களத்திலும் சொல்லியாக வேண்டும். காலகாலப் பழக்கம், நாக்கு தானாகத் திரும்பிவிடும். சிங்களத்தில் இன்னும் அழகாக வந்து தொலைத்தது. பணிப்பாளர் எழுந்து, இரண்டு கையையும் கூப்பி, நாலு பக்கமும் திரும்பிக் கைதட்டலை வாங்கிக்கொண்டார்.

அதிபர் என்னைப் பார்த்தார். அப்படிப்பட்ட பார்வையை ஈஸ்டர் கூத்தில் யூதாஸாக நடித்தபோதுகூட நான் வாங்கியதில்லை.

ஏனென்றால் அந்தப் பாடசாலையில் அப்படி ஒரு அலகு இல்லை. வரப்போவதாக ஒரு பேச்சும் இல்லை.

பத்தரை மணிப் பிள்ளை

எங்களுக்கு ஒரே மகள், ஷெரின். டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளை. பிறந்தபோது டாக்டர் எங்களை உட்கார வைத்து மெதுவாக விளங்கப்படுத்தினார். நடப்பது தாமதமாகும், பேச்சு தாமதமாகும், படிப்பு மெதுவாகத்தான் வரும் என்றார்.

பயம் வந்தால் எனக்குப் பகிடிதான் வரும். "எனக்கும் படிப்பு மெதுவாத்தான் வந்துச்சு டாக்டர்" என்றேன்.

கட்டிலில் கிடந்த ஸ்டெல்லா, "அவருக்கு இன்னும் வரல டாக்டர்" என்றாள்.

டாக்டர் சிரித்துவிட்டார். அழுது முடித்திருந்த நாங்களும்.

பாடசாலையில் சேர்க்க மாட்டேன் என்று அதிபர் சொல்லவில்லை. அதைச் சொல்லியே ஆக வேண்டும். சேர்த்தார். ஆனால் வகுப்பு நிறையப் பிள்ளைகள், ஒரு டீச்சர். ஷெரின் பாதிப் பாடத்தில் எழுந்து, பக்கத்து வகுப்பில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டு வருவாள். போன இடத்தில் பாட்டு நடந்தால் வரமாட்டாள். ஆகவே ஒரு ஏற்பாடு செய்தார்கள். இன்டர்வெல் வரைக்கும் ஷெரின் இருக்கலாம். பத்தரைக்கு வந்து கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும்.

ஸ்டெல்லா டவுனில் ஒரு பாமசியில் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலை செய்கிறாள். தினமும் பத்தரைக்குக் குடையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். முதலாளி நல்லவர். ஆனால் நல்லவருக்கும் முகம் என்று ஒன்று இருக்கிறதே, அது நாளாக நாளாக நீண்டுகொண்டு வந்தது.

அது பெரிய விஷயமில்லை. கேட் அருகில் வந்ததும் ஷெரின் நின்றுவிடுவாள். உள்ளே எல்லாப் பிள்ளைகளும் ஓடி விளையாடுவார்கள். "மணி அடிக்கலம்மா" என்பாள். பாடசாலை விடுவதென்றால் நீள மணி அடிக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். "இன்னும் மணி அடிக்கல." தினமும் இதே பேச்சு. தினமும் ஸ்டெல்லா அவளைத் தூக்கிக்கொண்டு வர வேண்டியிருந்தது.

சிங்களப் பாடசாலைகளில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று விசேட கல்வி அலகு இருந்தது. தமிழில் வேண்டுமென்றால் கண்டிப் பக்கம் போக வேண்டும். "சிங்களத்துல போட்டா என்னாங்க?" என்று கேட்டவர்கள் இருக்கிறார்கள். ஷெரின் அத்தனை வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த தமிழ்ச் சொற்களே ஒரு பிடி. அதைக் கொட்டிவிட்டு வேறு பிடி அள்ளு என்று எப்படிச் சொல்வது?

கேட்கப் போனவன்

ஆகவே, இங்கேயே ஒரு விசேட கல்வி டீச்சரும் ஓர் அறையும் வேண்டுமென்று கேட்கப் போனேன். நம் பாடசாலைகளில் ஒரு வழக்கம் உண்டு. தானாக வந்து மாட்டுகிற தகப்பனை வெறுங்கையோடு அனுப்ப மாட்டார்கள்.

முதல் தடவை போனேன். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் அங்கத்தவனாகத் திரும்பினேன். அடுத்த தடவை போனேன். சிரமதானத்துக்கு ஆள் குறைகிறது என்று மதிலுக்குப் பெயின்ட் அடிக்க விட்டார்கள். அதற்கடுத்து கலைவிழாத் திரை கட்டினேன். ஒவ்வொரு தடவையும் அதிபர் தேநீர் தந்து, "உங்க விஷயம் மனசுல இருக்கு சேவியர்" என்பார். என் சட்டையில் பெயின்ட் இருக்கும்.

"புள்ளைக்கு டீச்சர் கேட்டீங்களா?" என்று ஸ்டெல்லா கேட்பாள்.

"கேட்டேன். கீழ் மதிலும் அடிக்கணுமாம்."

"இன்னும் ரெண்டு தடவ போனா ஒங்களயே அதிபரா போட்டுருவாங்க. அப்ப நீங்களே கையெழுத்து வச்சுக்குங்க."

இடையில் ஒரு கதை. மாத்தளை முத்துமாரியம்மன் தேர் அன்று, காணாமல் போன பிள்ளைகளை அறிவிப்பது நான்தான். கத்தோலிக்கன்தான். ஆனால் காணாமல் போகிற பிள்ளைகள் வேதம் பார்த்தா போகின்றன? ஒரு வருஷம் நான் "நீலக் கவுன் போட்ட பிள்ளை, பெயர் தெரியாது" என்று கத்திக்கொண்டிருந்தபோது, ஸ்டெல்லா மூச்சு வாங்க ஓடி வந்தாள். ஷெரினைக் காணோம். தேடிப் பார்த்தால், என் மேசைக்குப் பின்னால், காணாமல் போன பிள்ளைகளோடு வரிசையாக உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்தாள். அங்கே போனால் கடலை தருகிறார்கள் என்று கண்டுபிடித்திருக்கிறாள். ஒவ்வொரு தாயும் வந்து தன் பிள்ளையைக் கட்டிப்பிடிக்கும்போது கை தட்டினாளாம்.

இப்படிப்பட்ட பிள்ளையைப் பாட்டு நடக்கிற வகுப்புக்குப் போகாதே என்று யார் தடுக்க முடியும்?

சரி. விளையாட்டுப் போட்டி அன்று காலையில் அதிபர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சேவியர், டிரெக்டர் வாறார். இன்னைக்கு மட்டும் ஒங்க கதைய எடுக்காதீங்க. அவர் முன்னுக்கு எனக்கு மானம் போயிரும்."

"அந்தோனியார் மேல சத்தியமா எடுக்க மாட்டேன் சேர்."

அந்தோனியார் என்னைப் பல தடவை மன்னித்திருக்கிறார்.

கட்லட்டும் கேள்வியும்

போட்டி முடிந்து அதிபரின் அறையில் தேநீர். பணிப்பாளர் என்னையும் கூப்பிட்டார். கட்லட் வைத்த பீங்கான் மேசையில் இருந்தது. ஒருவரும் தொடவில்லை.

பணிப்பாளர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "நீங்க நல்லா பொய் சொல்ற."

"பொய் இல்லை மாத்தயா. கொஞ்சம் முந்திச் சொல்லிட்டேன்."

அவர் சிரிக்கவில்லை. பிறகு சிங்களத்தில் பேசினார். கூரை இல்லாத கட்டடத்தைத் திறந்திருக்கிறாராம். அவர் நட்ட அடிக்கல்லில் இப்போது ஆடு கட்டுகிறார்களாம். ஆனால் பிள்ளை இல்லாத வகுப்பை மட்டும் இதுவரை திறந்ததில்லையாம். "எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள்?" என்று கேட்டார்.

"ஒண்ணு."

"ஒரு பிள்ளைக்கு அலகு கேட்டு நான் எழுத முடியாது. நீ போய்ப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வா. டீச்சருக்கு நான் பார்க்கிறேன். அறை அதிபர் தருவார்."

"அறை இல்லியே சேர்" என்றார் அதிபர்.

பணிப்பாளர் யன்னல் பக்கம் கையைக் காட்டினார். முற்றத்துக்கு அந்தப் பக்கம் பூட்டிய அறை ஒன்று. "அங்கே யார் படிக்கிறார்கள்?"

"புள்ளைங்க உக்கார்ற வாங்கும் மேசையும் ஒடைஞ்சு கெடக்குது சேர்."

"அதுகள் எந்தத் தரத்தில் படிக்கின்றன?"

அதிபர் கட்லட் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அதுதான் பதில்.

ஆனால் வாசல் வரைக்கும் வந்து என் தோளைப் பிடித்தார். "சேவியர், நான் கெட்டவன் இல்ல. ஆனா கேளுங்க. புள்ளைங்க சேராட்டி, டிரெக்டர் என்னைத்தான் கேப்பார். அப்புறம் இந்தப் பேச்சோட நீங்க இந்த கேட்டுக்குள்ள வரக் கூடாது. ஷெரினுக்கு இன்டர்வெல் வரைக்கும்தான். அதோட முடிஞ்சது."

வீடு வரைக்கும் நான் பகிடி விடவில்லை. ஸ்டெல்லா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், காய்ச்சலா என்று.

குழாய் கட்டிய த்ரீவீலர்

என்னிடம் இருக்கிற ஒரே ஆயுதம் குழாய்தான். த்ரீவீலருக்கு மேலே கட்டிக்கொண்டு எல்கடுவ மலைக்கு ஏறினேன். தேயிலைக்கு நடுவில், தொழிலாளர் லயன் வீடுகளுக்கு முன்னால் நிறுத்தி, தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன்: "விசேட தேவையுடைய பிள்ளைகளின் அன்பார்ந்த பெற்றோர்களே!"

திறந்திருந்த கதவுகள் மூடின. எனக்கு விளங்கவில்லை. சத்தம் காணாது என்று நினைத்துக் கூட்டினேன். இன்னும் இரண்டு கதவு மூடியது. ஒரு பெரியவர் மட்டும் லொத்தர்ச் சீட்டு விற்கிற வான் என்று நினைத்து ஓடி வந்தார். அவருக்குப் பின்னால் ஓர் அம்மா, பழைய சாமான் வாங்குகிறவன் என்று ஓட்டை பேசின் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். இல்லை என்று சொல்ல மனம் வராமல் அதை வாங்கிக்கொண்டு இறங்கினேன்.

ஸ்டெல்லா பேசினைப் பார்த்தாள். "இது எந்தத் தரத்துக்கு?"

நான் நடந்ததைச் சொன்னேன்.

"நம்ம வீட்டு விஷயத்த ஒருத்தன் குழாயில கத்துனா நீங்க கதவத் தொறப்பீங்களா?"

"நான் தொறப்பேனே."

"நீங்க தொறப்பீங்க. மனுசங்க தொறக்க மாட்டாங்க."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவளே கிளம்பினாள். ஷெரினுக்குப் பூப்போட்ட கவுன். எனக்கும் அனுமதி கிடைத்தது, வாயைத் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. எல்கடுவ பஸ்ஸில் ஒருவர் ஏறியது முதல் ஷெரினையே பார்த்துக்கொண்டு வந்தார். ஸ்டெல்லா யன்னல் பக்கம் திரும்பவில்லை, பிள்ளையையும் மறைக்கவில்லை.

பாமசிக்கு மருந்து வாங்க வருகிறவர்களிடம் விசாரித்து, இந்த வீடு அந்த வீடு என்று அவள் மனதில் வைத்திருந்தாள். முதல் வீடு பரமேஸ்வரி என்ற பெண்ணுடையது. கொழுந்து பறிக்கிறவர். வாசலிலேயே நின்று, "புள்ளையா? அப்பிடி யாரும் இல்லீங்களே" என்றார்.

ஷெரினுக்கு வாசலில் நிற்கிற பழக்கம் கிடையாது. பரமேஸ்வரியின் கைக்கு அடியால் புகுந்து உள்ளே போய்விட்டாள். உள்ளே ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு இரண்டு சிரிப்புச் சத்தம் கேட்டது.

பரமேஸ்வரி தலையைக் குனிந்துகொண்டார். "மக இருக்குதுங்க. கௌரி. கோயிலுக்குக்கூட கூட்டிட்டுப் போறதில்ல. நாலு பேரு பாப்பாங்க."

"பாக்கட்டுமே" என்றாள் ஸ்டெல்லா. "பஸ்ஸுல ஒருத்தர் ஏறுனதுலருந்து எங்க புள்ளையத்தான் பாத்தாரு. எறங்கும்போது இவ அவருக்கு டாட்டா காட்டுனா. மனுசன் திருப்பிக் காட்டிட்டுத்தான் போனாரு."

"ஸ்கூல்ல என்னாத்தங்க படிச்சுக் குடுப்பாங்க, இதுக்கு?"

நானாக இருந்தால் அந்த இடத்தில் ஒரு சொற்பொழிவு ஆற்றியிருப்பேன். ஸ்டெல்லா கொஞ்சம் யோசித்தாள். "அது எனக்கும் தெரியாதுங்க. ஆனா பத்தரைக்கு வீட்டுக்கு அனுப்ப மாட்டாங்க. ஒன்றரை வரைக்கும் இருக்கும்."

"அப்ப நான் நிம்மதியா மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகலாமா?"

"போகலாம்."

பரமேஸ்வரி உள்ளே திரும்பிப் பார்த்தார். கௌரியும் ஷெரினும் ஒரு ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார்கள். அது கௌரியின் ரொட்டி. பெரிய பாதி ஷெரின் கையில் இருந்தது. "சரிங்க. என் தங்கச்சி டவுனுக்கு வேலைக்குப் போறா. அவ கூட பஸ்ஸுல அனுப்பிவிடுறேன்" என்றார்.

இப்படியே ஞாயிறு ஞாயிறாக நடந்தோம். டவுனில் கறிச்சரக்குக் கடை வைத்திருக்கும் ஹனீபா நாநா, கேள்விப்பட்டு எங்கள் வீட்டுக்கே வந்தார். "சேவியர், என்ட மகன் நல்லாக் கதைப்பான், எழுத்துத்தான் ஏறுதில்ல. இவ்வளவு நாளும் கடையில வச்சிக்கொண்டேன். அவனையும் சேப்பீங்களா?" என்றார். சேர்ப்பதற்கு நான் யார்? ஆனாலும் அதிபர் மாதிரித் தலையாட்டினேன்.

பெயர்கள் போதுமானபோது, உடைந்த வாங்குகளை வெளியே தூக்கிப் போட்டது யார் என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள். சுவருக்கு மஞ்சள் பெயின்ட் அடித்தது யார் என்றும் கேட்க மாட்டீர்கள்.

பணிப்பாளர் சொன்னபடி நிரோஷினி டீச்சர் என்ற இளம் பெண்ணை மாற்றி அனுப்பினார். விசேட கல்வி படித்தவர். ஷெரின் வகுப்பை விட்டு எழுந்து போனால் அவர் கூப்பிடுவதில்லை. பாட்டு ஆரம்பிப்பார். ஷெரின் தானாகத் திரும்பி வருவாள்.

திறப்பு விழாவில் மாலை, விளக்கு, றிபன் எல்லாம் இருந்தது. என் மைக் இருந்தது. என் வாய்க்கு மட்டும் தடை. "வணக்கம்" சொன்னதும் ஸ்டெல்லா சுவிட்சை நிறுத்திவிட்டாள். ஊரே அதற்குத்தான் பலமாகக் கை தட்டியது.

எல்லாம் வந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். படியில் ஏற முடியாத ஒரு பிள்ளைக்கு இன்னும் சாய்பாதை போடவில்லை. அதைக் கேட்கப் போய், இப்போது பூந்தோட்டக் குழுவில் இருக்கிறேன்.

புகார்

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலை, அதிபரிடமிருந்து போன். "சேவியர், ஒடனே வாங்க. ஸ்டெல்லாவையும் கூட்டிட்டு வாங்க. ஷெரின் விஷயம்."

பாமசியிலிருந்து ஸ்டெல்லாவை ஏற்றிக்கொண்டு பறந்தேன். மறுபடி இன்டர்வெல் வரைக்கும்தானா?

அதிபர் அறைக்கு வெளியே வாங்கில் வேறு தகப்பன்மார் சிலர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருந்தார்கள். ஒருவர் நகர்ந்து இடம் கொடுத்தார். "நம்ம பய யன்னல் கண்ணாடிய ஒடச்சிட்டான். ஒங்களோடது என்னா செஞ்சிச்சு?"

"தெரியலீங்களே" என்றேன்.

உள்ளே கூப்பிட்டார்கள். அதிபர் தன் கதிரையில் இருக்காமல் நின்றுகொண்டிருந்தார்.

"நான் ஒரு ரவுண்டு போயிட்டு வாறேன். வந்து பாத்தா, ஷெரினும் அந்த கௌரியும் என் ரூமுல. கௌரி மேச மேல. ஷெரின் என் கதிரையில. மீன் அடைச்ச என் மாலுபாணைத் தின்னுக்கிட்டிருக்கா. பாதி மிச்சம் வச்சாளான்னா அதுவும் இல்ல. என்னா இதுன்னு கேட்டா, 'தேங்க் யூ சேர், போங்க'ங்கிறா!"

எனக்குச் சிரிப்பு முட்டியது. ஸ்டெல்லா என் காலை மிதித்தாள். "மன்னிச்சுக்குங்க சேர். நாங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம்" என்றாள்.

"வீட்டுக்கா?" அதிபருக்குக் கோபம் வந்துவிட்டது. "நல்லா இருக்கே! தப்புச் செஞ்சா மத்தப் புள்ளைங்களுக்கு என்னா சட்டமோ அதுதான் ஷெரினுக்கும். மணி அடிச்ச பொறகு ரெண்டு பேரும் நின்னு வகுப்பக் கூட்டிட்டுத்தான் போகணும். நிரோஷினி டீச்சர் கூட நிப்பாங்க. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். அதுவரைக்கும் நீங்க வெளியில நில்லுங்க."

ஸ்டெல்லா கைலேஞ்சியை வாயில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். அழுகிறாள் என்று நினைத்து யன்னல்காரத் தகப்பன் எழுந்து, "கவலப்படாதீங்க தங்கச்சி, எல்லாப் புள்ளைங்களும் இப்பிடித்தான்" என்றார்.

"ஆமாங்க" என்றாள். "எல்லாப் புள்ளைங்களும் இப்பிடித்தான்."

ஒன்றரைக்கு நீள மணி அடித்தது. பிள்ளைகள் கேட்டுக்கு வெளியே வெள்ளம் மாதிரி பாய்ந்து, பஸ்ஸுக்கும் த்ரீவீலருக்கும் பிரிந்து, வீதி வெறிச்சோடியது. ஐஸ்கிரீம்காரனும் போய்விட்டான். உள்ளே மஞ்சள் அறையில் விளக்குமாற்றுச் சத்தம் கேட்டது. கூடவே யாரோ பாடுகிற சத்தமும்.

நான் த்ரீவீலரை ஸ்டார்ட் பண்ணி, ஹோர்னில் கை வைத்தேன், வரச் சொல்லலாம் என்று.

ஸ்டெல்லா என் கையைத் தட்டிவிட்டாள். "சும்மா இருங்க. என்னா அவசரம்? புள்ள வேலைய முடிச்சிட்டு வரட்டும்."